கருப்புத் திராட்சையில் கருப்பு இல்லை

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிறது அனுமந்தன்பட்டி. கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல்களில் அங்கே தொங்கும் பழத்துக்கு மக்கள் வழக்கில் இரண்டு பெயர்கள் உண்டு: பன்னீர் திராட்சை, கருப்புத் திராட்சை. முதல் பெயர் மணத்தைக் குறித்தது. அதில் பிழை இல்லை. இரண்டாவது பெயரைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நன்றாகப் பழுத்த ஒரு பழத்தின் தோலை உரித்து வெள்ளைத் தட்டில் தேய்த்தால் படிகிற கறை ஊதா. தோலைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் உள்ளே சிவப்பு ஓடுகிறது. உரித்த சதையோ வெளிர்பச்சை. அடுப்புக்கரியில் இருக்கும் கருப்போ, தலைமுடியில் இருக்கும் கருப்போ இந்தப் பழத்தில் எங்கும் இல்லை. நாம் கருப்பு என்று அழைப்பது அடர்ந்து திரண்ட ஊதா. அந்த ஊதாவும் பழத்துக்குப் பூசிவிட்ட சாயம்போல நிலையாக இருப்பதில்லை. வெளிச்சம், புளிப்பு, பழுக்கும் காலத்து வெப்பம், தோல்மேல் படியும் மெழுகு, பார்க்கும் கண் எல்லாம் ஒன்றுகூடும்போது பிறந்து, அவற்றில் ஒன்று பிசகினாலும் மாறிவிடுகிற நிலை அது. அப்படிப்பட்ட நிறத்தை இனிப்புக்கான சான்றிதழாக எடுத்துக்கொண்டு கொத்துக்கு விலை சொல்வது தவறான அளவுகோல் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வெளிச்சம். பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் அலைகள் ஏறத்தாழ 380 நானோமீட்டரில் தொடங்கி 700 வரை நீள்கின்றன. திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம் இதன் நடுப்பகுதியை, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சையை, விழுங்கிக்கொள்கிறது. இரு ஓரங்களிலும் மிஞ்சுகிற நீலமும் சிவப்பும் சேர்ந்து கண்ணுக்கு வருகின்றன. மூளை அதை ஊதா என்று படிக்கிறது. பழத்தின் ஊதா, பச்சை இல்லாமல் போனதன் அடையாளம். நிறமி மிக அடர்த்தியாகிவிட்டால் நீலமும் சிவப்பும்கூடப் பெரும்பகுதி தோலுக்குள்ளேயே சிக்கிவிடும். அப்போது கருப்பாகத் தெரியும். வானவில்லின் ஓரத்தில் தெரியும் ஊதா வேறு வகை. நியூட்டன் முப்பட்டகக் கண்ணாடியில் ஒளியைப் பிரித்து, 1704-இல் வெளியிட்ட நூலில் ஏழு நிறங்களில் கடைசியாக வைத்தது அந்த ஊதாவைத்தான். அது ஏறத்தாழ 380 முதல் 430 நானோமீட்டர் வரையிலான தனி அலை. கைப்பேசித் திரையால் அதைக் காட்டவே முடியாது, ஏனென்றால் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளே உண்டு. வலைப்பக்கம் வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் ‘டார்க் வயலட்’ என்ற நிறத்தின் எண்களைப் பாருங்கள்: சிவப்பு 148, பச்சை 0, நீலம் 211. பச்சை விளக்கு முழுதாக அணைந்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோலும் கைப்பேசித் திரையும் ஒரே வித்தையைத்தான் செய்கின்றன, பச்சையை நீக்கி நம் கண்ணை ஊதா என்று நம்பவைக்கின்றன.

இந்த நிறத்துக்கு உலகம் ஏற்றிவைத்த பொருளும் இதேபோல வெளியிலிருந்து வந்ததுதான். பழைய ரோமில் அரச உடைக்குச் சாயம் தந்தது மத்தியத்தரைக் கடலின் முள்சங்கு நத்தை. 1909-இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலர் 12,000 நத்தைகளைப் பிழிந்து எடுத்தது 1.4 கிராம் சாயம். அதன் மூலக்கூறைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது, அது நம் அவுரிச் செடி தரும் நீலமேதான். கூடவே இரண்டு புரோமின் அணுக்கள் ஒட்டியிருந்தன, அவ்வளவே வித்தியாசம். அவுரி நீலம் சாதாரண மக்கள் உடுத்தும் துணிக்குப் போனது. இரண்டு அணு கூடிய ஊதா சக்கரவர்த்திக்குப் போனது. காரணம் நிறத்தின் அழகைவிட அதன் அருமை. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி அந்தச் சாயத்தில் உயர்ந்த ரகத்தின் இலக்கணமாகச் சொன்னது, உறைந்த ரத்தம்போல முதல் பார்வைக்குக் கருத்தும், சாய்த்துப் பிடித்தால் மின்னியும் இருக்க வேண்டும் என்பது. கம்பம் சந்தையில் ஒரு கொத்தைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்க்கும் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. அளவுகோல் ஒன்றுதான், அடர்ந்தால் உயர்வு. 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்யப்போய்த் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். தொழிற்சாலைச் சாயம் வந்ததும் அரசனின் நிறம் கடைத்தெருவுக்கு வந்தது. அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி தேவாலயங்களில் தவக்காலத்தில் குருக்கள் அணியும் ஊதா உடையோ செல்வத்தைச் சொல்லவில்லை, மனம் வருந்தித் திரும்புவதைச் சொல்கிறது. ஒரே நிறம் ஓரிடத்தில் செருக்கையும் இன்னோரிடத்தில் பணிவையும் குறிக்கிறது என்றால், பொருள் நிறத்துக்குள் இல்லை. நாம் வைத்த இடத்தில் இருக்கிறது.

அடுத்தது புளிப்பு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வருவதைப் பார்க்காத தமிழ் வீடு கிடையாது. காரம் பட்டதும் மஞ்சளின் நிறமி தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. ஆந்தோசயனின் இதைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பானது. பன்னீர் திராட்சைத் தோலைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, வடித்த நீரை மூன்று கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஆப்ப சோடா போட்டால் நீலத்துக்கும் பச்சைக்கும் நகரும். மூன்றாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீரை விட்டால் பச்சையாகி, நேரம் போகப்போக மஞ்சளாக வெளிறும். அங்கே நிறமியே உடைந்துபோகிறது. ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நூலில் வயலட் பூவின் சாற்றை வைத்துச் செய்துகாட்டியதும் இதே சோதனைதான்; ஒரு பொருள் அமிலமா காரமா என்று பார்க்க மனிதர்கள் பயன்படுத்திய முதல் கருவிகளில் ஒன்று ஊதாப்பூ. சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாவதும் இந்த வகைதான். இங்கே ஒரு கேள்வி எழும்: திராட்சைச் சாறு புளிப்பானது, புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலம் அதில் இருக்கிறது; அப்படியானால் தோலும் சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்? தோலின் உயிரணுக்களுக்குள் ஆந்தோசயனின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றும், நிறமற்ற வேறு பல மூலக்கூறுகளோடும் அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் அவை விழுங்கும் ஒளியின் அலை கொஞ்சம் நீள, நிறம் சிவப்பிலிருந்து ஊதாவுக்குத் தள்ளப்படுகிறது. பிழிந்து நீர் சேர்த்தால் அடுக்கு கலைகிறது, சிவப்பு வெளிப்படுகிறது. தோலுக்கு ஒரு நிறமும் ரசத்துக்கு இன்னொரு நிறமும் வருவது இதனால்தான்.

இந்தச் சுறுசுறுப்பால் ஒரு பயனும் உண்டு. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட எட்டு செயற்கை நிறங்களின் பட்டியலில் ஊதா என்று ஒன்று இல்லவே இல்லை. திராட்சை பானம் என்று விற்கும் மலிவுத் தண்ணீரில் கார்மோசின் போன்ற சிவப்புச் சாயமே ஊதாவின் வேடம் போடும். அத்தகைய சாயம் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவுக்கு அசையாது. தோலோடு பிழிந்த திராட்சை ரசம் உடனே நீலப்பச்சைக்கு நகரும். உண்மையான நிறம்தான் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பழத்தின் பிறப்பையும் பார்க்க வேண்டும். உலகம் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஆனால் இந்த ரகம் இங்கிலாந்தின் ஒரு கண்ணாடித் தோட்டத்தில் 1850-ஐ ஒட்டித்தான் உருவானது. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறு கொடியாக இருந்திருக்க வேண்டும், அல்லது ஆண்டு பிழையாக இருக்க வேண்டும். மரபணுச் சோதனை இதன் தாய் தந்தையரைத் தெளிவாகக் காட்டிவிட்டது. ஒன்று மணம் மிக்க வெளிர்பச்சை ரகமான அலெக்சாந்திரியா மஸ்கட், மற்றது பிளாக் ஹாம்பர்க் என்று பெயர் பெற்ற கருந்திராட்சை. மணம் ஒரு பக்கத்திலிருந்தும் நிறம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தன. 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளிர்பச்சைத் திராட்சைக்கு நிறம் வராத காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: தோலில் ஆந்தோசயனின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் மரபணுவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபணுத் துண்டு புகுந்து அதை ஊமையாக்கிவிட்டிருந்தது. வெளிர்பச்சைப் பெற்றோரிடமிருந்து நம் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்தது அந்த ஊமைப் பிரதி. கருத்த பெற்றோரிடமிருந்து வந்த பேசும் பிரதி ஒன்றுதான். மணத்துக்கும் நிறத்துக்கும் வேர் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது. லினலூல், ஜெரனியால் போன்ற மணப்பொருள்கள் உண்டாகும் பாதையும் ஆந்தோசயனின் உண்டாகும் பாதையும் தனித்தனி. ஜெரனியால் ரோஜாவிலும் இருக்கிறது. வேதியியல் தெரியாமலே பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர்களின் மூக்கு அவ்வளவு துல்லியமாக இருந்திருக்கிறது.

இப்போது இனிப்பும் நிறமும் பிரியும் இடத்துக்கு வரலாம். காய் மெத்தென்றாகி நிறம் திரும்பத் தொடங்கும் நாளில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்குகின்றன. இலைகளிலிருந்து சர்க்கரை பழத்துக்குள் வந்து இறங்குகிறது. தோலில் ஆந்தோசயனின் உருவாகிறது. ஒரே நாளில் தொடங்குவதால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்கிறோம். ஆனால் வெயில் ஏறும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 2007-இல் வெளிவந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வில் ஒரே ரகத்தின் பழங்களைப் பகலில் 25 டிகிரி செல்சியசிலும் 35 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள். 35 டிகிரியில் பழுத்தவற்றில் நிறமி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வெப்பம் உற்பத்தியைக் குறைப்பதோடு, ஏற்கெனவே உண்டான நிறமியையும் சிதைக்கிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. 2012-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு, வெப்பம் கூடினால் நிறத்துக்கும் சர்க்கரைக்கும் இடையிலான வழக்கமான உறவே அறுந்துபோகிறது என்று காட்டியது. இரண்டும் ஒயின் ரகங்களில் செய்தவை என்றாலும், வெப்பமான ஊர்களில் மஸ்கட் ஹாம்பர்க் நிறமேறத் தயங்குவது எல்லா நாட்டுத் திராட்சைக்காரர்களும் அறிந்ததே. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே கொடி ஆண்டுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட மகசூல் தருகிறது. மார்கழி, தை மாதங்களில் கவாத்து வெட்டினால் சித்திரை வெயிலில் பழுக்கும். வைகாசி, ஆனியில் வெட்டினால் மேற்கே மலை தாண்டி வரும் சாரலும் காற்றும் வீசும் ஆவணியில் பழுக்கும். கொடியும் மண்ணும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும் மாறவில்லை. சித்திரைக் கொத்தில் அங்கங்கே செங்காய் நிறம் நின்றுவிடும். அந்தச் சிவந்த பழம் சர்க்கரையில் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று சொல்ல நிறம் மட்டும் போதாது.

வியாபாரிகள் முட்டாள்களா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. ஒரே தோட்டத்தில், ஒரே வாரத்தில் வெட்டிய கொத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கருத்த பழம் பெரும்பாலும் முதிர்ந்த பழமே. அந்த அனுபவ அறிவை நான் மறுக்கவில்லை. மா, வாழைபோலத் திராட்சை பறித்த பிறகு பழுக்காது என்பதால், பச்சையாக வெட்டிய கொத்து கடைசிவரை புளித்தே கிடக்கும். வாங்குபவருக்கு ஓர் அடையாளம் தேவைப்படுவது நியாயம். பிழை எங்கே வருகிறது என்றால், சித்திரைப் பழத்தை ஆவணிப் பழத்தின் நிறத்தோடு, வெயில் பட்ட பந்தலை நிழல் பந்தலோடு ஒப்பிடும்போது. அதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. நிறத்துக்குத்தான் விலை என்று ஆகிவிட்டால், நிறத்தை மட்டும் வரவழைக்கும் வழிகளைத் தேட வேண்டிய நெருக்கடி விவசாயிக்கு வருகிறது. எத்திலீனை வெளியிடும் எத்திபான் மருந்தைக் காய் திரும்பும் காலத்தில் தெளித்துக் கலர் ஏற்றுவது திராட்சை விளையும் பல நாடுகளில் உள்ள வழக்கம். அது தோலை வேகமாகக் கருக்கவைக்கும். சர்க்கரையை அந்த வேகத்தில் கூட்டாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னீர் திராட்சை சீராகப் பழுக்கப் பரிந்துரைப்பது வேறு: காய் பிடித்த 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் 0.2 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு தெளிப்பு. ஒரு கொத்தில் பச்சைக்காயும் பழமும் கலந்து நிற்பதைக் குறைப்பது இதன் நோக்கம். கருப்பாக்குவதற்கும் பழுக்கவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தை கேட்டால்தான் தோட்டம் மதிக்கும். சாற்றை ஒரு சொட்டு விட்டால் சர்க்கரை அளவைப் பிரிக்ஸ் கணக்கில் காட்டும் கைக்கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. ஏலம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் அது இருக்க வேண்டும்.

தோல்மேல் இருக்கும் வெண்மையான படலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறத்தின் கடைசிப் பூச்சு அதுதான். விரலால் துடைத்தால் பழம் சட்டென்று கருத்துப் பளபளக்கும். துடைக்காத இடம் நீலச்சாம்பலாக இருக்கும். பழம் தானே சுரக்கும் மெழுகு இது. தோல் வழியே நீர் ஆவியாவதைத் தடுப்பதும் மழைநீரை உருட்டிவிடுவதும் இதன் வேலை. 2024-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவுரிநெல்லி என்று நாம் சொல்லும் புளூபெரியின் நீலம் அதன் நிறமியால் வருவதே இல்லை, மெழுகின் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது என்று காட்டினார்கள். மெழுகைக் கரைத்தால் நீலம் போய்விடுகிறது. திராட்சையின் சாம்பல் பூச்சும் இதே இயற்பியலைச் சேர்ந்தது. பூச்சிமருந்தை மெழுகு என்று சொல்லி ஏமாற்றுகிறீர்களா என்று கேட்பவர்களின் அச்சத்தையும் ஒதுக்க முடியாது. திராட்சைக்கு மருந்து அடிக்கிறார்கள். அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை உலர்ந்தால் நீலவெள்ளைத் திட்டாகத் தெரியும். மெழுகு பழம் முழுவதும் ஒரே சீராகப் படிந்திருக்கும். மருந்தின் எச்சம் சொட்டுச் சொட்டாக, காம்பருகே தேங்கி நிற்கும். எதுவானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவித்தான் தின்ன வேண்டும். ஆனால் தோட்டத்தில் வெட்டுபவர்கள் கொத்தைக் காம்பில் பிடித்துத் தூக்குவது இந்தப் பூச்சு கலையக் கூடாது என்பதற்காக. பளபளக்கும் கருப்பைவிட மங்கிய ஊதாவே கைபடாத பழத்தின் அடையாளம்.

தமிழில் ஊதாவுக்குச் சொல் இல்லாததால்தான் கருப்பு என்கிறோம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரென்ட் பெர்லின், பால் கே ஆகிய இருவரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக மொழிகளில் கருப்பு, வெள்ளை, சிவப்பு ஆகியவற்றுக்கு முதலில் பெயர் பிறக்கிறது. ஊதாவுக்கு மிகவும் தாமதமாகப் பிறக்கிறது. தமிழ் அந்தத் தாமதத்தைப் பொருள்களைக்கொண்டு ஈடுசெய்தது: கத்திரிப்பூ நிறம், நாவற்பழ நிறம், காயாம்பூ வண்ணம். ‘கரு’ என்ற வேர்கூட வெறும் கருப்பைச் சொல்வதில்லை. கருநீலம், கருஞ்சிவப்பு, கருமேகம் எதிலும் கருப்பு நிறம் இல்லை. ஒளி உள்வாங்கி அடர்ந்திருப்பது இருக்கிறது. அந்தப் பொருளில் கருப்புத் திராட்சை என்ற பெயர் சரியே. அதை வெறும் கருப்பாகப் படித்து, கருக்காத பழத்தைத் தள்ளிவிடும் வழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி பெட்டியும் ஒட்டுவில்லையும் அச்சாகும். திரையில் மின்னும் அடர் ஊதா அச்சில் வராது. நீல, செம்மை மைகள் கலந்து அச்சடிக்கும்போது ஊதா மங்கி நீலத்துக்குச் சாயும், செம்மை மையைக் கொஞ்சம் தூக்கினால்தான் பழத்தின் நிறத்துக்குக் கிட்ட வரும். வெள்ளைத் தாளில் ‘டார்க் வயலட்’ எழுத்தை நன்றாகப் படிக்க முடியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய ஒளி வேறுபாடு 4.5 என்பது வலைப்பக்கங்களுக்கான சர்வதேச விதி, திரைக் கணக்கில் இங்கே 6.6 கிடைக்கிறது. கருப்புப் பெட்டியில் அதே எழுத்து 3.2-க்கு இறங்கி, வயதானவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் பெட்டி வெள்ளையாகவே இருக்கட்டும். அதன்மேல் கவாத்து வெட்டிய மாதம், பறித்த நாள், பிரிக்ஸ் அளவு மூன்றையும் அச்சிடட்டும். அதுவரை வாங்குபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொத்தின் தோளில் இருக்கும் கருத்த பழத்தை விட்டுவிட்டு, அடிநுனியில் தொங்கும் பழத்தைக் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பார்க்கலாம். கொத்தில் கடைசியாகப் பழுப்பது நுனிதான். அது இனித்து, பன்னீர் மணமும் அடித்தால், மேலே சிவந்து நிற்கும் பழங்களையும் தைரியமாக எடைபோடச் சொல்லலாம்.